சிங்கம் பெண் பார்க்கப் போனது

எங்கள் தட்டாங்குளத்தில் மழை வந்தால், குடை நனைந்துவிடுமே என்று அதைப் பத்திரமாக வீட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் வெளியே கிளம்புவோம். அப்படிப்பட்ட ஊரிலேயே கொஞ்சம் மந்தம் என்று பெயர் எடுத்தவன் மாசிலாமணி. அதற்காக அவன் ஒன்றும் பெரிதாகப் பாடுபடவில்லை.

தலை நரைக்கிற வயதில் அவனுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரிந்தால்தான் பெண் கொடுப்பேன் என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பினார். இதுவும் தட்டிப்போனால் கடைசிவரை தனிக்கட்டைதான் என்பது மாசிலாமணிக்கே புரிந்தது. கூட்டாளிகள் பொன்னுரங்கத்தையும் இருளப்பனையும் இழுத்துக்கொண்டு டவுனில் தவமணி டீச்சரிடம் டியூஷன் சேர்ந்தான்.

முதலில் பெயர்ச்சொல். வீட்டில் உள்ள எல்லாவற்றின் மேலும் இங்கிலீஷ் பெயரைச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள், சீட்டைப் படித்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும் என்றார் டீச்சர். மாசிலாமணி வீட்டு நாற்காலிச் சீட்டு காற்றில் பறந்து, படுத்திருந்த எருமை மேல் ஒட்டிக்கொண்டது. அவன் சீட்டைப் படித்தான், எருமை மேல் உட்கார்ந்தான், காபியை உறிஞ்சினான். நாற்காலி எழுந்து குளத்துக்கு நடந்தது. இங்கிலீஷ் நாற்காலி அப்படித்தான் போலிருக்கிறது என்று மிச்சக் காபியையும் குடித்து முடித்தான்.

அடுத்தது வினைச்சொல். எதைச் செய்தாலும் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்றார். இருளப்பன் கால் இடறிக் கிணற்றில் விழுந்தபோது, "ஃபாலிங், ஃபாலிங்" என்று தவறாமல் சொல்லிக்கொண்டே விழுந்தான். மற்ற இருவரும் மேலே நின்று மெச்சிக் கைதட்டினார்கள். கயிறு போட வந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்.

கடைசிப் பாடம் உவமையும் உருவகமும். "சிங்கம் மாதிரி இருக்கான்னா உவமை. உருவகத்துல மாதிரிங்கிற பேச்சே கிடையாது. அவனேதான் சிங்கம்" என்றார் டீச்சர்.

பெண் பார்க்கப் புறப்படும்போது மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"மாப்பிள்ள சிங்கம் மாதிரி போறதா, சிங்கமாவே போறதா?" என்றான் பொன்னுரங்கம்.

"மாதிரின்னா டூப்ளிகேட்டுன்னு நெனச்சுருவாங்கப்பா" என்றான் இருளப்பன்.

ஆகவே மாசிலாமணியின் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, 'லயன்' என்று எழுதி ஒட்டினார்கள்.

பெண் பூங்கோதை காபித் தட்டோடு வந்தாள். சீட்டைப் பார்த்து எழுத்துக்கூட்டி, "லயன்" என்று படித்தாள். பொன்னுரங்கமும் இருளப்பனும் திரும்பிப் படித்தார்கள். ஒட்டியது தாங்கள்தான் என்பது இருவருக்கும் நினைவில் இல்லை, இருந்திருந்தாலும் ஓடியிருப்பார்கள். "ரன்னிங், ரன்னிங்" என்று வாசலுக்குப் பாய்ந்து, "கிளைம்பிங், கிளைம்பிங்" என்று வேப்பமரத்தில் ஏறினார்கள். மாசிலாமணியும் குனிந்து நெஞ்சைப் படித்தான். இவ்வளவு பக்கத்திலா என்று அலறி, அவனும் "ரன்னிங்" சொல்லி மரத்தில் ஏறிவிட்டான்.

பெண்ணின் அப்பா மரத்தடிக்கு வந்தார். மூச்சுக்கு மூச்சு இங்கிலீஷ் பேசுகிற மாப்பிள்ளையை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "எனக்குப் பூரண சம்மதம் மாப்பிள்ள. இறங்கி வாங்க, தட்டு மாத்திக்கலாம்."

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. இறங்குமுன் எதற்கும் ஒருமுறை நெஞ்சைப் பார்த்துக்கொண்டான்.

"எனக்கும் ஆசைதான் மாமா. ஆனா அது இன்னும் போகலையே."

"அந்தச் சீட்டைப் பிச்சுப் போட்டுட்டு இறங்குங்க."

"சீட்டு சிங்கத்து மேலதான இருக்கு? யாரு மாமா கை வைக்கிறது?"

மாமனாருக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பிறகு பெண்ணை உள்ளே தள்ளி, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தாம்பூலத் தட்டை மரத்தை நோக்கி நீட்டினார். அவருக்கும் பூர்வீகம் எங்கள் தட்டாங்குளம்தான்.