நந்தியின் முதுகு

“டீச்சர், ஒரு வீட்டுல அலங்காரம் முடிஞ்சுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?” என்று கேட்டார் தணிகாசலம்.

கேட்டவருக்கு அறுபத்தொரு வயது. கேட்கப்பட்டவளுக்கு முப்பத்தேழு. தணிகாசலம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்தில், கோயில் சிற்பங்களைப் பார்த்து வார்த்த பித்தளை உருவங்களைக் கொண்டு வீடுகளை அழகு செய்து கொடுப்பவள் பொற்கொடி. ஓய்வு பெற்ற மறுமாதமே அவளிடம் போய், “எனக்கும் கத்துக்குடுங்க” என்று நின்றார். அவள் வயசைக் கேட்கவில்லை, சேர்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் அவரைச் சார் என்பாள், அவர் அவளை டீச்சர் என்பார். ஊரில் சிலருக்கு இது வேடிக்கை. அவர்கள் இருவருக்கும் அதில் வேடிக்கையாக எதுவும் தெரியவில்லை.

பொற்கொடி ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். மரகதவல்லி அம்மாவின் புது வீடு அது. சார் தனியாக நின்று செய்த முதல் வீடும் அதுதான்.

சுவரில் கண்ணாடி ஷோகேஸ். உள்ளே மஞ்சள் பல்புகள். நந்தி, கிளி, இரண்டு யாளிகள், இன்னும் சில உருவங்கள் என்று எல்லாம் சோபாவைப் பார்த்து, அளந்து வைத்த இடைவெளியில், வண்டிக்குக் காத்திருக்கிற பயணிகள் போல நின்றன. முழங்கால் உயரமிருந்த துவாரபாலகர்கள் மட்டும் ஷோகேஸில் அடங்கவில்லை. அவர்களை டிவிக்கு இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்தார்.

“டிவிக்குள்ள யாரு சார் மூலவர்?”

தணிகாசலம் அசடு வழிந்தார்.

அவள் ஷோகேஸைத் திறந்து நந்தியை இரண்டு கையாலும் தூக்கினாள். நல்ல கனம். ஹாலின் நடுவே ஒரு முக்காலியில் வைத்து, முகம் உள்ளறைப் பக்கமும் முதுகு வாசல் பக்கமுமாகத் திருப்பினாள்.

“நந்தியோட பின்பக்கத்தையா டீச்சர் வர்றவங்களுக்குக் காட்டறது?”

“கோயிலுக்குள்ள போனா நந்தியோட எந்தப் பக்கம் சார் முதல்ல கண்ணுல படும்?”

அவர் யோசித்தார். சின்ன வயதிலிருந்து கும்பிட்டு வரும் நந்தி. “பின்பக்கம்தான்” என்றார், தானே ஆச்சரியப்பட்டு.

“இந்த அலங்காரத்தை யாருக்குப் பண்ணினீங்க?”

“வர்றவங்களுக்குத்தான். மரகதம் அம்மாவுக்குத்தான் கண்ணு தெரியாதே.”

குரலைத் தணித்துத்தான் சொன்னார். ஆனாலும் உள்ளறையிலிருந்து பதில் வந்தது.

“காது நல்லாவே கேக்கும், ஸ்டேஷன் மாஸ்டர்.”

தணிகாசலத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மரகதவல்லி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஊர் ஊராக மாற்றல். போன ஊரிலெல்லாம் ஒரு பித்தளை உருவம் வாங்குவார். வாடகை வீட்டில் வைக்க இடமிருக்காது, பழைய புடவையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் போடுவார். சொந்த வீடு கட்டினால் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும் என்று முப்பது வருஷமாக ஆசை. வீடு கட்டி முடிந்த வருஷம் சர்க்கரை அவர் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. விதி இப்படியும் விளையாடும். நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

குடிவந்த முதல் வாரம் ஹாலிலிருந்து வாசல் நடைக்கு இறங்கும் படியில் தவறி விழுந்து கையை முறித்துக்கொண்டார். எலும்பு கூடிய பிறகும் யாராவது கையைப் பிடித்தால்தான் அறையை விட்டு வருவார். கோல் வாங்கிக் கொடுத்தார்கள். “கோலு தரையைச் சொல்லுது, நான் எங்க இருக்கேன்னு சொல்ல மாட்டேங்குது” என்று மூலையில் சாத்திவிட்டார்.

பெங்களூரில் இருக்கும் மகன் இளமாறனுக்கு அம்மா என்றால் உயிர். உயிர் என்பதால்தான் பயம். வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வா என்று ஒற்றைக்காலில் நின்றான். கடைசியில் மரகதவல்லி ஒரு பேச்சுப் பேசினார்.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்து மணியடி. நானா நடந்து வந்து கதவைத் திறந்தா இங்கயே இருப்பேன். இல்லேன்னா அன்னைக்கே உன்கூடக் கிளம்பிடறேன்.”

வாய் சவால் விட்டதே தவிர, கால் அசையவில்லை. துணிமணிகளைப் பெட்டியில் எடுத்து வைத்தாயிற்று. போவதற்கு முன் பித்தளையெல்லாம் ஒரு வாரமாவது இந்த வீட்டில் வெளியே இருக்கட்டும் என்றுதான் பொற்கொடியைக் கூப்பிட்டார்.

அன்று செவ்வாய்க்கிழமை.

“நாளைக்குக் கோயிலுக்குப் போயிட்டு வாங்க சார்” என்றாள் பொற்கொடி.

“வேண்டிக்கிட்டு வரவா?”

“வேண்ட வேண்டாம். தொலைஞ்சு போயிட்டு வாங்க.”

தணிகாசலத்துக்கு விளங்கவில்லை. இருந்தாலும் போனார். நேரம் தவறாமல் வாழ்ந்த மனிதர், தொலைவதற்கும் காலை பதினொரு மணிக்குச் சரியாகப் போய் நின்றார்.

வெளியே வெயில் கொளுத்தியது. பெரிய பிராகாரத்தைச் சுற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அன்று பார்த்து மின்சாரமும் இல்லை. எந்தப் பக்கம் வந்தோம், எந்தப் பக்கம் போகிறோம், ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டியபடி நின்றார்.

விரலில் கல் பட்டது. வளைந்து இறங்கும் ஒரு யாளியின் துதிக்கை. காலால் தடவினார். படி இருந்தது. இறங்கினார்.

இன்னும் நாலு எட்டு வைத்ததும் கை ஒரு வாலில் பட்டது. முதுகு, திமில், கொம்பு என்று தடவிக்கொண்டே போனார். கல் வழவழவென்றிருந்தது. எத்தனையோ கைகள் தடவிய வழவழப்பு. கொம்பைத் தாண்டிக் கையை நீட்டினால் எதிரே சன்னதி. உள்ளே தூரத்தில் விளக்கு தெரிந்தது.

தணிகாசலம் கும்பிட மறந்துபோய் மரகதவல்லி வீட்டுக்கு ஓடினார்.

அடுத்த மூன்று நாளும் மரகதவல்லி வீட்டில் ஒரே தட்டல் சத்தம். ஷோகேஸ் கழன்றது. மஞ்சள் பல்புகள் போயின. ஆசாரியை வைத்து மரப்பீடங்கள் செய்து, அசையாமல் தரையோடு முடுக்கினார்கள். ஒவ்வொன்றையும் வைக்கும்போது பொற்கொடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரியா டீச்சர்?” என்று கேட்டார் தணிகாசலம்.

“என்னை எதுக்குக் கேக்கறீங்க?”

அவர் ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளறைக்குப் போய், “அம்மா, கொஞ்சம் வர முடியுமா? எனக்கு உங்க உதவி வேணும்” என்று கேட்டார். அந்த வீட்டில் மரகதவல்லியிடம் யாரும் உதவி கேட்டு ரொம்ப நாளாயிற்று.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார் மரகதவல்லி. இப்போது வாசல் கதவுக்கு இடப்பக்கம் நின்ற துவாரபாலகரைத் தடவினார். முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

“இவரு வலப்பக்கத்து ஆளு, ஸ்டேஷன் மாஸ்டர். கையை எங்க காட்டறாரு பாருங்க. கதவைக் காட்டணும். நீங்க சுவத்தைக் காட்ட வெச்சிருக்கீங்க.”

தணிகாசலம் பார்த்தார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் இடம் மாற்றி வைத்திருந்தார்.

“பீடம் உயரம் ஜாஸ்தி” என்றார் மரகதவல்லி. “என் கை தொங்கற இடத்துல இருக்கணும். எட்டிப் பிடிக்க நான் என்ன சின்னப் பொண்ணா?”

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. கிளி எங்கே, யாளி எங்கே, எதற்கும் எதற்கும் நடுவே எத்தனை எட்டு, எல்லாம் அவர் சொன்னார், இவர் செய்தார். நடுவில் ஒருமுறை பொற்கொடியைத் திரும்பிப் பார்த்தார் தணிகாசலம். அவள் நாற்காலியிலேயே கண்ணசந்துவிட்டிருந்தாள். அல்லது அப்படி நடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பத்து மணிக்கு மணியடித்தது. வெளியே இளமாறனும், அவனுடைய அத்தையும், அத்தை வீட்டார் நாலைந்து பேரும்.

“அம்மா, யாரையாவது கதவைத் திறக்கச் சொல்லும்மா” என்று குரல் கொடுத்தான் இளமாறன். பந்தயத்தை அவன் நம்பவே இல்லை. ஊருக்குப் போக வாசலில் கார் நின்றது.

“இருடா. நான் வர்றேன்.”

அறைக் கதவில் மரகதவல்லி தெரிந்தார். அரக்குப் புடவை, நெற்றியில் விபூதி. தணிகாசலம் தன்னையறியாமல் ஒரு எட்டு முன்னால் வைத்தார். பொற்கொடி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

இடது கை சுவரோடு வந்தது. அறையை ஒட்டிய உள் நடையின் முடிவில் கிளியின் அலகு விரலில் பட்டது. அங்கே சுவரை விட்டு நேரே நடந்தார்.

ஆறு எட்டு. கை காற்றில் துழாவியது. ஒரு கணம் நின்றார். பிறகு நந்தியின் மூக்கு கைக்குள் வந்தது. முகம் பட்டால் வாசலுக்குப் போகிறோம், வால் பட்டால் அறைக்குத் திரும்புகிறோம் என்பது அவர்கள் பேசி வைத்த கணக்கு. கொம்பு, திமில், முதுகு என்று தடவி நடந்து வாலில் ஒரு தட்டுத் தட்டினார், வீட்டு மாட்டைத் தட்டுவது போல.

இரண்டு பக்கமும் யாளிகள். நின்றார். போன தடவை விழுந்த இடம் அது. துதிக்கையைப் பிடித்தார். கால் படியைத் தேடியது. இறங்கிவிட்டார்.

துவாரபாலகர் இருவருக்கும் நடுவே வந்து தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்தார்.

“வாப்பா. வாங்க எல்லாரும்.”

இளமாறன் அம்மாவையே பார்த்துக்கொண்டு உள்ளே வந்தான். நந்தியைப் பார்த்தான், யாளியைப் பார்த்தான், மறுபடி அம்மாவைப் பார்த்தான். எதையெதையோ பார்த்தவன் காலடியைப் பார்க்கவில்லை. படியில் இடித்துக்கொண்டு முன்னால் போய் விழப்பார்த்தான்.

“படி இருக்குடா” என்றார் மரகதவல்லி. “பார்த்து வரக் கூடாதா?”

முதலில் சிரித்தது அத்தை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். இளமாறனும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சிரிப்பு அடங்கியதும் நேரே உள்ளறைக்குப் போனான். கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, அம்மாவின் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினான். அடுக்கிவிட்டுத் திரும்பி வந்து, டிரைவரிடம் காரை நிழலில் நிறுத்தச் சொன்னான்.

தணிகாசலம் ஓரமாக நின்றார். பச்சைக்கொடி காட்டி எத்தனையோ வண்டிகளை அனுப்பியவர். ஒன்றுக்கும் இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

“டீச்சர்” என்றார் மெல்ல. “இப்பவாவது சொல்லுங்க. அலங்காரம் முடிஞ்சுதா?”

பொற்கொடி வாயைத் திறப்பதற்குள் அத்தை வந்துவிட்டார். நந்தியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதன் முகம் போகும் திசையில், உள் நடைக்கு அப்பால் இருந்த அறையைப் பார்த்தார். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார்.

“அந்த அறைதான் பூஜை ரூமா? நந்தி அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கே. உள்ள எந்தச் சாமி?”

விஷயம் கேள்விப்பட்டு, தெரிந்தவர்கள் வாசலில் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். துவாரபாலகர்களுக்கு நடுவே மரகதவல்லி ஒவ்வொருவர் கையையும் பிடித்து, குரலை வைத்தே பெயர் சொல்லி, உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார்.

“இப்ப உள்ள இல்லீங்கம்மா” என்றாள் பொற்கொடி. “புறப்பாடு ஆயிடுச்சு. வாசல்ல நிக்கிறாங்க, பாருங்க.”