குறுமணி உருட்டிய பிரபஞ்சம்

அந்தக் காலத்தில் கடலுக்கு நிற்குமிடம் என்று ஒன்று கிடையாது. நண்டும் கொக்கும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது, கடலும் பேசும். நினைத்தால் மணல்மேட்டைத் தாண்டி வரும், நினைத்தால் பனங்காட்டுக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். ஏன் என்று கேட்க ஆளில்லை.

கழிமுகத்து ஈர மணலில் குறுமணி என்றொரு நண்டு இருந்தாள். பெயருக்கேற்ற உருவம், புன்னைக்கொட்டையை விடச் சின்னவள். ஈர மணலை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள், அதிலுள்ள சத்தை உறிஞ்சிவிட்டு மணலைத் துப்பிவிடுவாள். அதுதான் அவள் சாப்பாடு. அவளைப் போலப் பயந்தாங்கொள்ளி அந்தக் கரையிலேயே கிடையாது. மேகத்தின் நிழல் விழுந்தாலும் வளைக்குள் ஓடிவிடுவாள். போதாக்குறைக்கு அப்போது வயிற்றில் முட்டை சுமந்துகொண்டிருந்தாள். முட்டையைக் கடலில்தான் விட வேண்டும். ஆனால் குஞ்சுகள் வளர்ந்து திரும்பி வந்து ஏற ஒரு கரை வேண்டும். கரையைக் கடல் தின்றுவிட்டால் பிள்ளைகள் எங்கே ஏறும் என்பதே அவளுக்கு ஓயாத கவலை.

ஒரு நாள் கடல் எல்லாரையும் கூப்பிட்டு, தனக்கும் இந்தப் போக்குவரத்து அலுத்துவிட்டதாகச் சொன்னது.

"பிரபஞ்சம் பிரபஞ்சம்னு ஆளாளுக்குப் பேசிக்கிறீங்க. அதுல என்னவெல்லாம் இருக்குன்னு என் ஈரம் பட்ட மணல்ல காட்டுங்க. காட்டுனதைத் தொட மாட்டேன். விட்டுப்போனதெல்லாம் எனக்கு. பௌர்ணமி அந்திக்கு வர்றேன்."

சொல்லிவிட்டுப் பின்வாங்கிப் போனது. 

ஈர மணலில் எழுதுவது லேசுப்பட்ட காரியமா என்ன? கொக்கு காலால் கீறிப் பார்த்தது, கீறலில் தண்ணீர் ஊறி மூடிக்கொண்டது. உடும்பு வாலால் இழுத்தது, சேறானதுதான் மிச்சம். கடைசியில் எல்லார் கண்ணும் குறுமணியின் மேல் விழுந்தது. அந்த மணலை நாளெல்லாம் கையாளுகிறவள் அவள்தானே. அவள் மாட்டேன் மாட்டேன் என்றாள். யார் கேட்டார்கள்? வேலையை அவள் தலையில் கட்டிவிட்டு ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டார்கள்.

முதலில் கரையானிடம் போய், பிரபஞ்சம் என்றால் என்ன என்று கேட்டாள். புற்றுதான், வேறென்ன என்றது கரையான். அறைக்குள் அறை, அதற்குள் இன்னொரு அறை, கீழே போகப் போக ஈரமும் இருட்டும் ராணியின் மூச்சும். வெளியே இருப்பதெல்லாம் வெறும் சத்தம். குறுமணி வளைக்குத் திரும்பி, அங்கிருந்து தொடங்கி அது சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் மணல் எடுத்தாள். துப்ப மனமில்லாமல் உருண்டையாக உருட்டி வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். எத்தனை வைத்தும் அறைகள் தீரவில்லை. அதற்குள் ஒரு நிழல் விழவே, போட்டது போட்டபடி வளைக்கு ஓடி வந்துவிட்டாள்.

நிழல் கொக்கினுடையது. அதனிடமும் கேட்டாள்.

"இந்தக் கழியில எத்தனை மீன் உண்டோ அத்தனையும்தான்," என்றது கொக்கு. "நான் பிடிக்கிறது நாலு. அந்த நாலை வச்சுத்தான் பிடிக்காத மீனையெல்லாம் மதிப்புப் போடுறேன். அந்த மொத்தத்துக்குப் பேர்தான் பிரபஞ்சம். கரையான் சொன்னதை எடுத்துடு, அது எதுக்கு வீணா?"

குறுமணி எடுக்கவில்லை. வளையிலிருந்து வேறு பக்கமாகப் புறப்பட்டு இன்னொரு வரிசை உருட்டினாள். பயம் வந்தது, திரும்பி ஓடி வந்தாள். மைனா வந்து, தான் சொல்லும் கதையில் பறக்கும் யானை இருக்கிறது, கதைக்குள் அது சோறு தின்கிறது, கோபப்படுகிறது, அதை எப்படி விடலாம் என்று மல்லுக்கு நின்றது. அதற்கும் ஒரு வரிசை. வழக்குத் தீர்க்கும் ஆமையோ, பேச உட்கார்ந்தவர்கள் எதைப் பற்றிப் பேசுவது என்று முதலில் ஒரு வளையம் போட்டுக்கொள்கிறார்கள் அல்லவா, அந்த வளையத்துக்குள் இருப்பதே அந்தப் பேச்சுக்குப் பிரபஞ்சம் என்றது. நண்டைப் பற்றிய வழக்கில் யானைக்கு என்ன வேலை? மைனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. குறுமணி ஆமைக்கும் ஒரு வரிசை வைத்தாள்.

கடைசியாக நெடுந்தூரம் பறக்கும் ஆலா வந்து இறங்கியது. விண்மீன்களைப் பார்த்து வழி கண்டுபிடிக்கிற பறவை அது. ஒரு விண்மீனுக்கு அப்பால் இன்னொரு விண்மீன் என்றது. அதற்கும் அப்பால், வெளிச்சம் வந்து சேர்வதற்குள் கிழடாகிப்போகும் தூரத்தில் இன்னும் விண்மீன்கள் என்றது. அதற்கும் அப்பால் என்று கேட்டாள் குறுமணி. "அதுக்கு அப்பால நானும் போனதில்ல தாயி," என்றது ஆலா.

அவள் உடம்பு நடுங்கியது. ஆனால் வளைக்கு ஓடத் தோன்றவில்லை. இப்படியும் ஒரு நடுக்கம் உண்டென்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. கரையான் அறைக்குள் கீழே கீழே போனபோதும் இதே நடுக்கம் வந்ததே என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவு பெரியதற்கும் அவ்வளவு சிறியதற்கும் ஒரே நடுக்கம். அடேயப்பா, இத்தனைக்கும் நடுவிலா என் வளை இருந்தது என்று வாய்விட்டே சொன்னாள்.

பௌர்ணமி அந்தியில் கடல் வந்தது. வளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் வரிவரியாக உருண்டைகள் பரந்து கிடப்பதை அசையாமல் பார்த்தது. பிறகு, எல்லாம் வந்துவிட்டதா, விட்டுப்போனது ஏதும் உண்டா என்று கேட்டது.

இல்லையென்று சொல்லித் தொலை என்று பின்னாலிருந்து கொக்கு கிசுகிசுத்தது. குறுமணி வயிற்று முட்டைகளை நினைத்தாள். பொய் சொன்னால் கரை தப்பும். ஆனால் ஆலாவின் குரல் இன்னும் காதுக்குள் இருந்தது.

"உண்டு ஆத்தா," என்றாள். "எவ்வளவுன்னு தெரியாது. எந்தப் பக்கம் போனாலும் தீரல."

"அப்போ அது என்னோடது," என்று கடல் எழுந்தது. பனை உயரத்துக்கு எழுந்தது. அந்த அலையின் கீழே நின்றபோதுதான் குறுமணி கவனித்தாள், வளையைச் சுற்றி ஒரே ஒரு பக்கம் உருண்டையே இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது. கடல் இருக்கும் பக்கம். பயத்தில் அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. கரையானோ கொக்கோ ஆலாவோ கடலைப் பற்றிச் சொல்லவும் இல்லை.

அவள் ஓடினாள். பிறந்ததிலிருந்து வளையை நோக்கியே ஓடியவள், வளையை விட்டு ஓடினாள். அலையின் அடிவாரத்தில், நுரை பட்ட மணலில் ஒரு வாய் எடுத்து உருட்டி வைத்தாள்.

"ஒண்ணு மட்டும் என் தப்பால விட்டுப்போச்சு ஆத்தா. அது நீ. இப்போ வச்சிட்டேன்."

எழுந்த அலை எழுந்தபடியே நின்றது. எத்தனை யுகமாகவோ எல்லாரும் பயந்து விலகிய கடல் அது. எங்களில் நீயும் ஒன்று என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

"நானும் இதுக்குள்ளதானா?" என்றது கடல், சின்னக் குரலில். "அப்படின்னா யார்கிட்டயிருந்து எதை எடுத்துக்கிறது?"

அலை மெல்லப் படிந்து அவள் காலடிக்கு வந்தது. குறுமணி அங்கேயே முட்டைகளை விட்டாள். கடல் அவற்றை அலுங்காமல் வாங்கிக்கொண்டது. விட்டுப்போன மிச்சத்தையெல்லாம் எப்போது வைக்கப் போகிறாய் என்று கேட்டது. வைக்க ஆசைதான், ஆனால் மணலில் இடம் தீர்ந்துவிட்டதே என்றாள் அவள்.

"இடம் நான் தர்றேன்," என்றது கடல். ஒரே ஒரு முறை மேலே வந்து அத்தனை வரியையும் தடவி அழித்துவிட்டு இறங்கியது. கொக்கும் மைனாவும் ஐயோ என்று அலறின. மணல் புதுசாக, வழவழவென்று கிடந்தது. வளைக்குள் ஒதுங்கியிருந்த குறுமணி எட்டிப் பார்த்தாள், வெளியே வந்தாள், முதல் உருண்டையை உருட்டினாள்.

விண்மீன் பார்க்கிறவர், கொஞ்சத்தை வைத்து மொத்தத்தை மதிப்பிடுகிறவர், வழக்காடுகிறவர், கதை சொல்கிறவர் எல்லாரும் இன்றைக்கும் பிரபஞ்சம் என்று ஆளுக்கொன்றைச் சொல்கிறார்கள் அல்லவா? ஒருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வளையிலிருந்து புறப்பட்ட ஒரு வரியைச் சொல்கிறார்கள்.

அன்று முதல்தான் கடல் கரைக்கு வந்து தொட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. அது போன ஈரத்தில் குறுமணியின் பிள்ளைகள், விட்டுப்போனதை வைப்பதற்காக, முதல் உருண்டையிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள்.