ஓடுபாதைக்கு முன்னால் ஒரு முள்காடு

குருவுக்கு இருபத்தொன்பது வயது. சீடர் ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர்.

குருவின் பெயர் ஜெபக்கனி. கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த சின்ன விமானப் பயிற்சிப் பள்ளியில் பறக்கக் கற்றுக்கொடுத்தாள். சீடர் ஆவுடையப்பன், பறப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்கெனவே கற்று முடித்துவிட்டு அங்கே வந்து சேர்ந்திருந்தார்.

சீடன் கேள்வி கேட்க வேண்டும் என்கிறது மரபு. எத்தனை கேட்கலாம் என்று அது சொல்லாமல் விட்டது பெரிய குறை என்று ஜெபக்கனிக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

“மேடம், ஓடுற லாரியில தார்ப்பாய் ஏன் உள்ள அமுங்காம வெளிய உப்புது?”

“டீ ஆறுது சார். குடிங்க.”

“அது இருக்கட்டும். ஃபேன் நாள் பூரா சுத்தி நமக்கெல்லாம் காத்து வீசுது. அதோட இறக்கையில மட்டும் தூசி எப்படி அசையாம உக்காந்திருக்கு?”

ஜெபக்கனி ஒரு ஈரத் துணியையும் ஸ்டூலையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

ஆவுடையப்பன் ஏறித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, இறக்கையை ஒட்டியிருக்கும் மெல்லிய காற்று இறக்கையோடேயே சுற்றுகிறது, அதனால் தூசியின் மேல் காற்றே படுவதில்லை என்று ஸ்டூலின் மேலிருந்து பதிலையும் சொல்லி முடித்தார். அவரிடம் இருந்த உண்மையான தொல்லை இதுதான். பதில் தெரியாத எதையும் அவர் கேட்டதே இல்லை.

அன்று காலை தலைமைப் பயிற்சியாளர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“அவர்கூடச் சேர்ந்த பிள்ளைகள் எல்லாம் தனியாப் பறந்து முடிச்சாச்சு. இவரைத் தனியா அனுப்பலாமா வேண்டாமா? இன்னைக்குச் சொல்லிரும்மா. வேண்டாம்னா பேரை எடுத்துருவோம்.”

“இன்னைக்கேவா சார்?”

“இன்னைக்கே. எனக்கும் அந்தத் தார்ப்பாய்க் கேள்வி வந்துது.”

ஆவுடையப்பன் ஏறுவார், திரும்புவார், நேராகப் பறப்பார். எஞ்சினை அடக்கி, வெறும் சறுக்கலிலேயே இறங்கச் சொன்னால் மட்டும் ஒவ்வொரு முறையும் ஓடுபாதைக்கு முன்பே விழப் பார்ப்பார். மேலே எஞ்சின் நின்றுபோனால் காப்பாற்றப் பக்கத்தில் ஆள் இல்லாத மனிதரை எப்படித் தனியாக அனுப்புவது?

விஷயத்தை மறைக்காமல் அவரிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முப்பது வருஷம் தரையில நின்னே இதைச் சொல்லிக்கொடுத்தேன் மேடம். ஒரு தடவையாவது தனியா மேல போகணும்” என்றார். அன்று அதற்கு மேல் விளக்கம் எதுவும் வரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு.

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்ன விமானம். மேலே போய் வட்டமடித்து, ஓடுபாதையின் பக்கம் திரும்பும் இடத்தில் ஜெபக்கனி எஞ்சினை அடக்கினாள்.

“எஞ்சின் போச்சு சார். இறக்குங்க.”

எதிர்க்காற்று வீசியது. ஓடுபாதை தூரத்தில் சாம்பல் நிற ரிப்பனாகக் கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் சீமைக்கருவேல முள்காடு.

“எட்டாது போலிருக்கே” என்றார் ஆவுடையப்பன். கை தன்பாட்டுக்குக் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுத்தது. விமானத்தின் மூக்கு நிமிர்ந்தது.

“என்ன செய்றீங்க?”

“கொஞ்சம் தூக்கிப் பிடிச்சா அந்தப் பக்கம் போயிரலாம்.”

“வேகம் பாருங்க.”

“குறையுது.”

“குறைஞ்சா?”

“தூக்குவிசைக்காக இறக்கை காத்தை இன்னும் சரிவா வாங்கும். பின்னிழுவை கூடும். இன்னும் சீக்கிரம் இறங்குவோம்.” சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் இழுத்தார். முள்காடு கிட்டே வந்தது. ஓடுபாதை தள்ளிப் போனது.

“பதில் சரி சார். கையை எடுங்க.”

வேகம் போதாது என்று எச்சரிக்கை ஒலி கத்தத் தொடங்கியபோது ஜெபக்கனி பிடியைத் தன் கைக்கு வாங்கி, எஞ்சினை முழுக்கத் திறந்து, மூக்கை இறக்கி, வேகம் வந்ததும் மேலே ஏற்றினாள். முள்மரத்தில் இருந்த கொக்குகள் கலைந்து பறந்தன.

விமானம் நேரானதும் ஜெபக்கனி கேட்டாள்.

“வகுப்பில போர்டுல அந்தக் கோடு வரைஞ்சு, இந்த வேகத்துக்குக் கீழ போனா பின்னிழுவை கூடும்னு பசங்களுக்கு விளக்கினது யாரு?”

“நான்தான்.”

“இப்ப அந்தக் கோட்டுல எந்தப் பக்கம் போனீங்க?”

“தப்பான பக்கம்.”

“தெரியாமலா?”

“தெரிஞ்சேதான் மேடம்.” அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. “எட்டாதுன்னு தோணினதும் கை இழுக்குது. நான் சொல்லி இழுக்கல. எதுக்கு இழுக்குது?”

ஜெபக்கனி திரும்பி அவரைப் பார்த்தாள். இத்தனை நாளில் பதில் தெரியாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

வட்டத்தைச் சுற்றி அதே இடத்துக்கு வந்ததும் மறுபடி எஞ்சினை அடக்கினாள்.

அதே எதிர்க்காற்று. அதே ரிப்பன்.

“எட்டாது மேடம்.”

“சரி. எங்க விழுந்துருவோம்னு பயமா இருக்கு?”

“அந்த முள்ளுலதான்.”

“மூக்கை அதுக்கு நேரா வைங்க.”

“முள்ளுக்கா?”

“அதுக்குத்தான்.”

“மேடம், தரை ஏற்கெனவே கிட்டத்துல—”

“சார்.”

ஆவுடையப்பனின் மணிக்கட்டு நரம்பு புடைத்திருந்தது. பிறகு அந்தக் கை மெல்ல முன்னால் போனது. மூக்கு இறங்கியது. கண்ணாடி முழுக்க முள்காடு நிறைந்தது. மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. ஒன்றில் கிழிந்த பாலித்தீன் பை படபடத்தது. வேகமானியின் முள் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஜெபக்கனியின் கை எஞ்சின் குமிழுக்கு ஒரு விரற்கடை தள்ளிக் காத்திருந்தது. அதைத் தொடக்கூடாது என்று அவள் கையிடமே சொல்லிக்கொண்டிருந்தாள்.

முள்காடு வளர்ந்தது, அகன்றது, காலுக்கடியில் நழுவியது. ஓடுபாதை தானாக எதிரே வந்தது.

சக்கரம் தொட்டது. ஒரு துள்ளல். மறுபடி தொட்டு ஓடியது.

அடுத்து விளக்கம் வரும் என்று ஜெபக்கனி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். திரும்ப மூடிக்கொண்டார். ஓடுபாதையின் தொடக்கம் வரை விமானத்தைத் தரையில் ஓட்டிக்கொண்டு வரும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்கே நிறுத்தச் சொன்னாள். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. தன் வார்ப்பட்டையை அவிழ்த்தாள், கதவைத் திறந்து இறங்கினாள், ஆள் இல்லாத இருக்கையில் வார்ப்பட்டையை இழுத்து மாட்டினாள்.

“எங்க போறீங்க மேடம்?”

“டீ குடிக்க.”

“அப்ப நான்?”

“ஒரு சுத்து சுத்திட்டு வந்து இறக்குங்க.”

அவர் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். ஓடுபாதையைப் பார்த்தார்.

“நீங்க பக்கத்துல இல்லாம மேல போய் ஏதாச்சும் சந்தேகம் வந்துட்டா?”

ஜெபக்கனி கதவில் கை வைத்தபடி நின்றாள்.

“நான் இல்லாததால வண்டி லேசா இருக்கும் சார்” என்றாள். “எப்பவும் ஏறுறதைவிடச் சீக்கிரம் ஏறும். பயந்துராதீங்க.”