எருக்கு மொட்டையான கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. நடக்கக் கால் இல்லாத குறையை அவை பேசியே தீர்த்துக்கொண்டன.

ஒரு மழைக்காலத்தில் ஆறு ஒன்று பழைய தடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டது. போகிற போக்கில் ஒரு மணல்மேட்டைப் போட்டுவிட்டுப் போனது. அந்த மேட்டில் புல் பூண்டு கிடையாது. பகலில் அதைக் கடக்க வேண்டியிருந்தால் ஓணான்கூடக் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடும். வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்த ஓர் எருக்கு விதை மட்டும் அங்கே முளைத்து நின்றது.

அப்போதெல்லாம் எருக்கு விதை குண்டுமணி போலக் கனமாக இருக்கும். பறக்காது. காய் வெடித்தால் செடியின் காலடியிலேயே விழுந்து கிடக்கும். எருக்கின் உச்சந்தலையிலோ பட்டுப் போல வெள்ளை முடி கற்றையாக வளர்ந்திருந்தது. அதில் எருக்குக்குக் கொஞ்சம் பெருமை. காற்று வந்தால் போதும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஆட்டிக் காட்டும்.

உடம்பெல்லாம் காரப் பால் ஓடியதால் ஆடு மாடு எதுவும் அதன் மேல் வாய் வைக்காது. மணலில் ஆழமாக வேர் விட்டிருந்ததால் தாகமும் இல்லை. எல்லாம் சரிதான், பேச ஆள் இல்லை. சூரியனோடு பேசலாம் என்றால் அது முறைக்க மட்டும் செய்யும்.

எருக்கு இலை உதிர்த்தது. இலை மக்கியது. மணல் கொஞ்சம் மண் போல ஆனது. ஒரு நாள் வழி தவறி வந்த மாடு ஒன்று சாணம் போட்டுவிட்டுப் போக, அதிலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"மாமா, ஒரு ஓரமா இருந்துக்கட்டுமா?"

அருகம்புல். எருக்குக்குத் தலைகால் புரியவில்லை.

"ஓரம் எதுக்கு? நடுவுலயே இரு. இந்த மேட்டை நான் என்ன தலையில தூக்கிக்கிட்டா போகப் போறேன்?"

அடுத்ததாக இலந்தை வந்தது, நரியின் வயிற்றில் ஏறி. உடம்பெல்லாம் முள், வாய் அதைவிட.

"ஏன்ண்ணே, தலையில என்ன பஞ்சு மூட்டை?"

"பட்டு."

"பட்டோ பஞ்சோ, நானும் ஒரு ஓரமா இருந்துக்கிறேன்."

எருக்கு அதற்கும் இடம் விட்டது. மேட்டில் இப்போது பேச்சுக்கும் குறைவில்லை, சண்டைக்கும் குறைவில்லை. எருக்கு மனம் குளிர்ந்து போயிருந்த நேரத்தில் இலந்தைக் கிளையில் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. எதையோ தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டது. சில நாளில் இலந்தையின் காலடியில் இரண்டே இலையோடு ஒரு வேப்பங்கன்று தலைநீட்டியது.

"பெரியப்பா, அத்தை, எனக்கு என்ன பெரிய இடம் வேணும்? ஒரு உள்ளங்கை அளவு போதும்" என்றது. குரல் நடுங்கியது. எதிரே ஆடு ஒன்று நாக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது.

இலந்தை முள்ளை விரித்து ஆட்டின் மூக்கில் ஒரு குத்து வைத்தது. எருக்கு தன் அகலமான இலையைச் சாய்த்துக் கன்றை வெயிலிலிருந்தும் ஆட்டின் கண்ணிலிருந்தும் மறைத்தது. ஆடு மூக்கைத் தேய்த்துக்கொண்டு திரும்பிப் போனது.

வேம்பு வளர்ந்தது. இடுப்பளவு இருக்கும்போது "பெரியப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டது. தோளளவு வந்ததும் "என்ன எருக்கண்ணே" என்றது. தலைக்கு மேலே போனதும் வெறும் "எருக்கு". கிளை பரப்பிக் குடைபோல் நின்ற பிறகு ஒரு நாள், "யாருப்பா அது, கீழே முணுமுணுக்கறது?" என்றது.

"நான்தான்ப்பா, உன் பெரியப்பா. கையைக் கொஞ்சம் தள்ளி வையேன். வெயில் விழ மாட்டேங்குது."

"வெயில் மேலதானே இருக்கு. வேணும்னா வளர்ந்து வந்து எடுத்துக்குங்க."

அருகம்புல் வெளுத்துப்போனது. இலந்தை காய்ப்பதை நிறுத்தியது, பேச்சும் குறைந்துவிட்டது. அதுதான் எருக்குக்குப் பயமாக இருந்தது. தன் காலடியில் விழுந்து முளைத்த பிள்ளைகள் நிழலில் மஞ்சளாக நீண்டு, மூன்றாவது இலை விடாமலே சாய்ந்ததை அது பார்த்திருக்கிறது. இந்த வருடம் ஒரே ஒரு காய்தான் பிடித்திருந்தது. அதுவும் இங்கேயே விழுந்தால் எருக்கு வம்சம் இந்த மேட்டோடு முடிந்துவிடும்.

முதலில் ஆட்டைக் கூப்பிட்டது. "அந்த வேம்பைத் தின்னுட்டுப் போயேன்."

ஆடு அண்ணாந்து பார்த்தது. "அவன் குட்டியா இருந்தப்ப நான் வந்தேனே. அப்ப இலையால மறைச்சுக்கிட்டு நின்னது யாரு?"

எருக்கு அந்த இலையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டது.

பிறகு காகத்தைக் கேட்டது. "உனக்குப் புண்ணியமாப் போகும். என் பிள்ளைங்களையும் வயித்துல வச்சுக் கொண்டுபோய் எங்கயாவது போடு."

காகம் எருக்கங்காயை ஒரு கொத்துக் கொத்தியது. அடுத்த நொடி துப்பிவிட்டு, அலகை வேப்பங்கிளையில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தது. "நல்லவேளை, வயித்துக்குள்ள போகலை. போயிருந்தா எனக்குத் திவசம்தான்!"

"நாங்க எல்லாரும் யாரோ ஒருத்தர் வயித்துலயோ வாயிலயோ ஏறித்தான் இங்க வந்து சேர்ந்தோம்" என்றது இலந்தை. "நீதான் யார் வாய்க்கும் ஆகாத ஆளாச்சே."

கடைசியில் ஆடிக்காற்று வந்தது. எருக்கு அதனிடம் கெஞ்சியது. காற்று மேலிருந்து பார்த்துவிட்டுச் சிரித்தது.

"எதைப் பிடிச்சுத் தூக்கச் சொல்றே? உருண்டையா, வழவழன்னு, கல்லு மாதிரி இருக்கு. பிடிச்சுத் தூக்க ஒரு குடுமியாவது இருக்கா?"

காற்று கேலிக்காகத்தான் சொன்னது. ஆனால் எருக்கு சிரிக்கவில்லை. அதன் கை மெல்லத் தலைக்குப் போனது.

"அண்ணே, வேண்டாம்" என்றது இலந்தை. "உனக்குன்னு இருக்கிற அழகு அது ஒண்ணுதான்."

"பஞ்சு மூட்டைன்னு சொன்னியே?"

"ஆயிரம் சொல்லுவேன். அதுக்காக?"

எருக்கு முடியைப் பிய்த்தது. வலித்தது. காயைப் பிளந்து ஒவ்வொரு விதையின் தலையிலும் ஒரு கற்றை கட்டியது. காற்று தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கனக்குதே. உள்ள என்ன வச்சிருக்கே?" என்று கேட்டது.

"வழிக்குக் கட்டுச்சோறு."

"அதை எடு."

எருக்கு ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒவ்வொரு விதையையும் அமுக்கிச் சோற்றை எடுத்துத் தட்டையாக்கியது. "போற இடத்துல வெயில் இருக்கும். பசி தெரியாது" என்று பிள்ளைகளுக்குச் சொன்னது. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. யாரையும் பக்கத்துல சேர்க்காதீங்க. மாமான்னு கூப்பிட்டாச் செவிடு மாதிரி நில்லுங்க."

"சரிப்பா" என்றன விதைகள்.

காற்று ஒரு சுழற்று சுழற்றியது. வெள்ளை வெள்ளையாக விதைகள் கிளம்பி, கிளைகளின் இடுக்கில் நுழைந்து, வேம்பின் உச்சிக்கு மேலே ஏறின.

"யாருப்பா அது, என் தலைக்கு மேலே?" என்று அதட்டியது வேம்பு.

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. அலகைத் தேய்த்து முடித்த காகம் போகிற போக்கில் வேம்பின் கிளைக்கவட்டில் எச்சமிட்டுவிட்டுப் போயிருந்தது. அதற்குள்ளிருந்து கடுகைவிடச் சிறிய ஓர் ஆலம்விதை மெதுவாகக் கூப்பிட்டது.

"பெரியப்பா, ஒரு ஓரமா இருந்துக்கட்டுமா?"

வேம்புக்குப் பெருமை தாங்கவில்லை. "இருடா, இரு. கடுகு மாதிரி இருக்கே, நீ என்ன என் இடத்தை அடைச்சுடப் போறே?"

கீழே மொட்டைத் தலையோடு நின்ற எருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது. இலந்தை சிரித்த சிரிப்பில் அதன் முள்ளே அதன் மேல் குத்தியது.

பறந்த விதைகளில் மூத்தது, இடிந்துபோன ஒரு மண்சுவரின் மேல் இறங்கியது. நல்ல வெயில். சுற்றிலும் யாரும் இல்லை. அப்பா சொன்னபடி செவிடு மாதிரியே நின்று வளர்ந்தது, தலைமுடியும் வளர்ந்தது. அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஒரு மத்தியானம், சுவரடியில் காய்ந்துகிடந்த சாணத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"மாமா..."

எருக்கு வேறு பக்கம் பார்த்தது.

"மாமா, உங்க தலைமுடி ரொம்ப அழகா இருக்கு."

எருக்கு இந்தப் பக்கம் பார்த்தது. அங்கே இங்கே பார்த்தது. அப்பா தூரத்தில்தான் இருக்கிறார். "அங்க ஏன் நிக்கிறே? உள்ள வா" என்றது.

அன்று முதல்தான், சுவர் இடிந்தாலும் மேடு தீப்பிடித்தாலும் வெறும் பொட்டலில் வெள்ளை முடி பறக்க முதல் ஆளாக எருக்கு வந்து இறங்குகிறது. வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்துவிட்டு, தலைக்கு மேல் நிழல் விழுந்ததும் இருக்கிற முடியைப் பிள்ளைகளுக்குக் கட்டி அடுத்த பொட்டலுக்கு அனுப்பிவைக்கிறது.