கறுப்புத் துணியின் கிழிசல்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டார் போரில் தோற்றார்கள். வென்ற அரசன் முதலில் அவர்களுடைய வாளைப் பறித்தான், பிறகு உடையைப் பறித்தான். கட்டம் போட்ட கம்பளியை இடுப்பில் சுற்றித் தோளில் வீசிப் போட்டுக்கொள்ளும் உடை அது. உடுத்தினால் சிறை, மறுபடியும் உடுத்தினால் நாடு கடத்தல் என்று சட்டம் வந்தது. வாளுக்குப் பயந்தது சரி. துணிக்குமா இத்தனை பயம்?

ஊரார் தங்கள் உடைகளைச் சாயக்காரி இஷ்பெல்லிடம் கொண்டுவந்தார்கள். பெரும்பாலானவை அவள் சாயம் ஏற்றிய நூலில் நெய்தவை. கட்டம் தெரியாமல் மறைய, எல்லாவற்றையும் அவளே கறுப்புச் சாயத்தில் முக்கிக் கொடுத்தாள். அவளிடம் தொழில் கற்ற டூகல் கழியால் அமுக்கிப் பிடித்தான்.

அவன் அண்ணனின் துணியும் அதில் இருந்தது. அண்ணன் அந்தப் போரில் செத்துப்போயிருந்தான். துணியில் நெஞ்சுப் பக்கம் கத்தி இறங்கிய கிழிசல். முக்குவதற்கு முன் தைத்துவிடலாமே என்று டூகல் ஊசி எடுத்தான். இஷ்பெல் ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். துணியைக் கிழிசலோடே முக்கிக் காயவைத்துத் தன் பெட்டியில் வைத்தாள்.

சில வருடங்கள் போயின. அதே அரசனின் படைக்கு ஆள் பிடிக்க ஓர் அதிகாரி சந்தைக்கு வந்தார். கூட வந்த சிப்பாய்கள் அத்தனை பேரும் மலைநாட்டு உடையில் நின்றார்கள். படையில் சேர்ந்தவனுக்கு மட்டும் தடை கிடையாதாம். பார்த்துக்கொண்டிருந்த டூகலுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலையில் அதிகாரி கொடுத்த ஒரு புதுத் துணியோடு இஷ்பெல்லிடம் திரும்பி வந்தான். மறுநாள் காலையில் படையில் சேரக் கையெழுத்துப் போட வேண்டும் என்றான். பிறகு கப்பல், ஏதோ ஒரு தேசம், யாரையோ சுடும் வேலை.

"இதை உடுத்திக்கொண்டு நடக்கத்தான் சேர்கிறேன் அம்மா. அழகாக இல்லையா?"

இஷ்பெல் துணியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அழகுதான். பச்சை நன்றாக ஏறியிருக்கிறது."

"பிறகு ஏன் முகத்தை இப்படி வைத்திருக்கிறீர்கள்?"

அவள் பெட்டியைத் திறந்தாள். அண்ணனின் கறுப்புத் துணியை எடுத்துப் புதுத் துணியின் மேல் விரித்தாள். கட்டமெல்லாம் மறைந்துபோயிற்று. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பச்சை தெரிந்தது.

"எதன் வழியாகத் தெரிகிறது, டூகல்?"

அவன் கிழிசலில் விரலை வைத்தான். பிறகு எடுத்துக்கொண்டான். அடுப்பில் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் புதுத் துணியை உருவி மடித்தான். காலையில் திருப்பிக் கொடுக்க வாசற்படி ஓரமாக வைத்தான். வைத்த பிறகும் அவன் கண் அதிலேயே இருந்தது.

"இது அழகு என்று நினைப்பதே தப்பா அம்மா?"

"நினைத்துக்கொள். நானும் நினைக்கிறேன்" என்றாள் இஷ்பெல். கறுப்புத் துணியை அவன் மடியில் வைத்தாள்.

"அந்தக் கிழிசலை மட்டும் தைத்துவிடாதே."