வெட்டின ஓரம்

“டீச்சர், எம் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். இப்ப நீங்கதான் ஒரு வழி சொல்லணும்.”

வெயிலுமுத்து அண்ணாச்சி வாசலில் நின்றபடியே இதைச் சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

எஸ்தர் டீச்சர் மைதா பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

“உள்ள வந்து உக்காருங்க அண்ணாச்சி. இப்ப விட்டா பசை அடிப்பிடிச்சிரும்” என்றாள்.

அவர் உட்கார்ந்தார்.

குருவுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். சீடர் அறுபதைத் தொடப்போகிறவர். எங்கள் ஊரில் கரண்ட்டே நேரங்காலம் பார்த்து வருவதில்லை. ஞானம் மட்டும் வயசு பார்த்தா வரும்?

ஊர் முழுக்க அச்சகங்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தின் பின்கட்டில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் டீச்சரின் மடம். அங்கே வாழ்த்து அட்டை செய்வார்கள், பொம்மை செய்வார்கள், படம் ஒட்டும் ஆல்பம் செய்வார்கள்.

மடத்துக்கு ஒரே ஒரு சட்டம். எதையும் கடையில் வாங்கக் கூடாது. மிஞ்சியதை வைத்துத்தான் செய்ய வேண்டும். அச்சுப் பிழையான பத்திரிகை, தையல்கடைத் துண்டுத்துணி, ஒற்றைப் பொத்தான், உடைந்த வளையல், எது கிடைத்தாலும் சரி. வெட்டும்போது விழும் துணுக்கையும் எறியக் கூடாது.

சட்டம் என்று ஒன்று இருந்தால் அதைச் சுற்றிப் போக ஒரு சந்தும் இருக்கும். ஐஸ் குச்சி வேண்டும் என்று வீட்டுக்கே தினமும் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தாள் ஒரு சிஷ்யை. பொம்மை வீடு வந்தது, கூடவே எல்லோருக்கும் இருமலும் வந்தது. இன்னொருத்திக்குக் காலி பாட்டில் தேவைப்பட்டது. மாமியாருக்கு நன்னாரி சர்பத்தாகக் கலக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். “எம் மருமக மாதிரி யாருக்கு வாய்க்கும்” என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்டு டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாளே தவிர, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அண்ணாச்சி செய்தது இதற்கெல்லாம் மேலே.

அவர் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டியவர். ஆயுள் முழுக்கத் தாள் வெட்டிய கை. வேலையிலிருந்து நின்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. நாள்காட்டியின் ஓரத்தை வெட்டினார். கரண்ட் பில்லின் ஓரத்தை வெட்டினார். ஒருநாள் வாழையிலையின் ஓரத்தையும் நேராக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவர் மனைவி பூரணம், “அந்த டீச்சர்கிட்டயாவது போய் எதையாவது வெட்டுங்க, புண்ணியமாப் போகும்” என்று அனுப்பிவைத்தாள்.

வந்தவருக்கு ஓர் ஆசை பிறந்தது. அறுபதாம் கல்யாணத்தன்று மனைவிக்குத் தன் கையால் செய்த ஆல்பம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அவளுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும்.

இப்போது ஆல்பம் தயார். மனைவிதான் வீட்டில் இல்லை.

“என்ன நடந்துச்சு?” என்று கேட்டாள் டீச்சர்.

“ஆல்பத்துக்கு ஓரம் கட்டச் சரிகை வேணும். கடையில வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. பீரோவைத் தெறந்தேன். அடியில ஒரு பட்டுச்சேலை கெடந்துச்சு. வருசக்கணக்கா மடிப்பே கலையல. சரி, இது மிஞ்சினதுதானேன்னு…”

“வெட்டிட்டீங்க.”

“கோணாம வெட்டினேன் டீச்சர்.”

அந்த நிலையிலும் அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“பூரணம் அக்கா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு. அவ அண்ணன் மக கல்யாணத்துக்குக் கட்டணும்னு பொத்திப் பொத்தி வச்சிருந்தாளாம். வெட்டின சேலையை மடிச்சுத் திரும்ப உள்ள வச்சா. பையை எடுத்தா. சாத்தூர் பஸ்ஸுல ஏறிட்டா. போன் போட்டா எடுக்க மாட்டேங்கா.”

டீச்சர் பசையை இறக்கி வைத்தாள்.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து அவ இப்படிப் போனதே இல்ல. திட்டுவா, ரெண்டு பாத்திரத்தை உருட்டுவா, பெறகு சோறு போடுவா. இந்தத் தடவை பேசவே இல்ல. திரும்பி வருவாளா டீச்சர்?”

டீச்சர் வேறு ஒன்றைக் கேட்டாள்.

“உங்க துணிமணியில மடிப்புக் கலையாம ஏதாச்சும் கெடக்கா அண்ணாச்சி?”

“ஒரு பட்டு வேட்டி இருக்கு. அறுபதாம் கல்யாணத்துக்குக் கட்டலாம்னு அப்பிடியே…”

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் கத்தரிக்கோலை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

அண்ணாச்சி கத்தரிக்கோலைப் பார்த்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

“சரி, ஆல்பத்தைக் காட்டுங்க” என்றாள் டீச்சர்.

மஞ்சப்பையிலிருந்து வெளியே எடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தமாக இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே அளவு. ஓரமெல்லாம் சரிகை மின்னியது.

“எங்க ரெண்டு பேரு வாழ்க்கையும் இதுக்குள்ள இருக்கு டீச்சர்.”

முதல் பக்கத்தில் கல்யாணப் படம். மாலையும் கழுத்துமாக இருவரும்.

அடுத்த பக்கம் குற்றாலம். அருவிக்குக் கீழே அண்ணாச்சி.

அதற்கடுத்தது திருச்செந்தூர். கடலுக்கு முன்னால் அண்ணாச்சி.

புது வண்டி வாங்கிய நாள். வண்டி மேல் அண்ணாச்சி.

அச்சகத்து ஆயுத பூஜை. மெஷினுக்குப் பக்கத்தில், நெற்றி நிறையச் சந்தனத்தோடு அண்ணாச்சி.

டீச்சர் கடைசிவரை புரட்டினாள். பிறகு ஆல்பத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தாள்.

“என்ன தேடுறீங்க?”

“ஒண்ணுமில்ல. வெட்டும்போது விழுந்த துணுக்கெல்லாம் எங்க?”

“எறியக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே. பிஸ்கட் டப்பாவுல போட்டுப் பத்திரமா வச்சிருக்கேன்.”

டப்பா பைக்குள்ளேயே இருந்தது.

“எதையெல்லாம் வெட்டினீங்க?”

“ஓரத்துல நீட்டிக்கிட்டு இருந்ததைத்தான். படம்னா ஆளு நடுவுல இருக்கணும், சுத்தி அளவா எடம் இருக்கணும். பிரஸ்ல எங்களுக்கு அப்பிடித்தான் பழக்கம்.”

டீச்சர் டப்பாவை வாங்கித் தரையில் கவிழ்த்தாள். நீளமும் குட்டையுமாகத் துணுக்குகள் சிதறின. சூடு ஆறாத பசைக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தாள்.

“இதுல என்னத்தச் செய்ய?” என்றார் அண்ணாச்சி.

“மிஞ்சினது இதுதானே. இதுல செய்ங்க.”

சொல்லிவிட்டு அவள் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான் பொறுக்க ஆரம்பித்தாள்.

அண்ணாச்சிக்குக் கோபம்தான் வந்தது. வீடு பற்றி எரிகிற நேரத்தில் இந்தப் பெண் குப்பையை ஒட்டச் சொல்கிறாளே என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே ஒரு துணுக்கை எடுத்தார்.

அதில் ஒரு கை இருந்தது. கை நிறையக் கண்ணாடி வளையல். கையில் ஒரு துண்டு.

“இது குற்றாலம்” என்றார். “தலை துவட்ட நீட்டுதா.”

இன்னொன்றை எடுத்தார். அதிலும் கை. ஒரு ஜோடி செருப்பைத் தூக்கிப் பிடித்திருந்தது.

“எஞ் செருப்பு. அலை இழுத்துட்டுப் போயிரும்னு கையில வச்சிருக்கா.”

அடுத்ததில் ஒரு முதுகு குனிந்திருந்தது.

“வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கா.”

அதற்கடுத்ததில் ஒரு முழங்கை. அந்த முழங்கைக்குள் சின்னதாக ஒரு கால் தொங்கியது.

“ஆயுத பூஜை. எம் மக காலு. இடுப்புல வச்சிருக்கா. இன்னொரு கையில சுண்டல் சட்டி.”

டீச்சர் பொத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி வேகவேகமாகத் துழாவினார். ஒவ்வொரு துணுக்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“டீச்சர், ஒண்ணுலயாச்சும் அவ மூஞ்சி இருக்கும்ல?”

“தேடுங்க.”

தேடினார். டப்பாவையும் தட்டிப் பார்த்தார்.

“இல்ல டீச்சர். படம் எடுத்தவன் ஒருத்தன்கூட அவளை முழுசா எடுக்கல.”

“அவன் என்ன செய்வான் அண்ணாச்சி? நிக்கிறவங்களைத்தானே எடுப்பான்.”

அண்ணாச்சி கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தார்.

“நான்தான் சொல்லுவேன்” என்றார் பிறகு. “‘நீ கொஞ்சம் தள்ளிக்கோ’ன்னு.”

அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. தோள்துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டார். டீச்சர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

யாருடைய கல்யாணத்துக்கோ அடித்து, தேதி தப்பாகிப்போன பத்திரிகைகள் மூலையில் கிடந்தன. அவற்றின் வெற்றுப் பக்கத்தில் அண்ணாச்சி துணுக்குகளை ஒட்டத் தொடங்கினார். பசை வழிந்தது. ஒன்று சாய்ந்து நின்றது, ஒன்று பக்கத்துக்கு வெளியே நீட்டியது. அப்படியே விட்டார். கத்தரிக்கோல் அவர் பக்கத்திலேயே கிடந்தும் அன்று அதைத் தொடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் தாள்களைச் சேர்த்துத் தைத்து இன்னொரு ஆல்பமாக்கி முடித்தார்.

“இதைப் பார்த்தா வருவாளா டீச்சர்?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. எனக்குத் தெரிஞ்சது பசை காய்ச்ச மட்டுந்தான்.”

மறுநாள் காலை ஒன்பது மணி பஸ்ஸில் அண்ணாச்சி சாத்தூர் போனார்.

கதவைத் திறந்தது பூரணத்தின் அண்ணன்.

“வாங்க மாப்ளே. கையில கத்தரிக்கோல் ஒண்ணும் இல்லையே?”

அண்ணாச்சி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒன்றில் மஞ்சப்பை மட்டும் தொங்கியது.

பின்கட்டில் பூரணம் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கைமுறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அவர் வந்து நின்றது தெரிந்தும் அவள் நிமிரவில்லை.

“தப்புதான் பூரணம்” என்றார். “ஒரு வார்த்தை கேக்காம வெட்டினது தப்பு.”

அவள் ஒரு முறுக்கைச் சுற்றி முடித்தாள். இன்னொன்றைத் தொடங்கினாள்.

“பையில என்ன?”

“உனக்குத்தான். பாரு.”

“கையெல்லாம் மாவு. நீங்களே திருப்புங்க.”

அண்ணாச்சி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திருப்பினார்.

“யாரு கை இது?”

“உங் கைதான். குற்றாலம்.”

பூரணம் மாவுக் கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து பார்த்தாள்.

“உங்களுக்குத் துண்டு பிடிச்சுப் பிடிச்சே அன்னிக்கு நான் குளிக்கல” என்றாள்.

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

“இந்தச் செருப்பை அலையிலயே விட்டுத் தொலைச்சிருக்கணும்.”

உள்ளே அவள் அண்ணன் சிரிக்கிற சத்தம் கேட்டது. பூரணம் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எலுமிச்சம்பழம் வந்தது. சுண்டல் சட்டி வந்தது. குடை பிடித்த கை, தூக்குச்சட்டி பிடித்த கை, மகளின் சடையைப் பிடித்த கை. ஒவ்வொரு பக்கத்தையும் அவள் நிதானமாகப் பார்த்தாள். கடைசிப் பக்கம் காலியாக இருந்தது.

“எல்லாம் கையும் முதுகுமாவே இருக்கு. எம் மூஞ்சி எங்க?”

“தேடினேன். எதுலயும் இல்ல.”

“ஏன், கல்யாணத்துக்குப் பெறகு எனக்கு மூஞ்சியே இல்லாமப் போச்சா?”

அண்ணாச்சி அந்தக் காலிப் பக்கத்தைத் தடவினார்.

“நான்தான் உன்னைத் தள்ளி நிக்கச் சொன்னேன்” என்றார்.

பூரணம் எழுந்தாள். அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் தடவையும் இப்படித்தான் பேசாமல் போனாள். இனி இவள் எந்த பஸ்ஸில் ஏறப்போகிறாளோ என்று அண்ணாச்சி அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தது.

பூரணம் முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள். சேலை மாற்றியிருந்தாள். தலையில் பூ இருந்தது.

“அண்ணே, பஜார்ல ஸ்டூடியோ எப்பத் தெறப்பான்?”

“இந்நேரம் தெறந்திருப்பான்.”

அவள் செருப்பை மாட்டினாள்.

“என்ன அப்பிடியே உக்காந்திருக்கீங்க? எந்திரிங்க. அந்தக் கடைசிப் பக்கத்துக்கு ஒரு படம் எடுக்கணும். நடுவுல நான் நிப்பேன்.”

“அப்ப நான்?”

“ஓரமா நில்லுங்க” என்றாள் பூரணம். “எம் பையைப் பிடிச்சுக்கிட்டு.”