பின்னால் வருகிறவரின் பெட்டி

ஸ்டெல்லா டீச்சரிடம் கார் ஓட்டப் பழகியவர்களில் வயதில் மூத்தவர் சென்னியப்பன்தான். டீச்சருக்கு நாற்பது தாண்டியிருக்காது, இவருக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் இவருக்கு அதற்கு மேல் பேச்சே கிடையாது. காந்திபுரத்தில் பெயிண்ட் கடை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க ஸ்கூட்டரிலேயே போய்வந்த மனுஷர். பெரியப்பா விட்டுப்போன அறுபத்து மூன்றாம் வருஷத்துக் கார் கைக்கு வந்த பிறகுதான் டீச்சரின் டிரைவிங் ஸ்கூல் வாசலில் போய் நின்றார். கிளட்சை எப்போது விடுவது என்பதில் தொடங்கி, அந்த வண்டி எதற்கு முனகும், எதற்கு முறுக்கிக்கொள்ளும் என்பது வரை டீச்சர் சொல்லிக்கொடுத்ததுதான். டீச்சரிடமும் அதே கம்பெனியின் பழைய வண்டி ஒன்று இருந்தது.

சென்னியப்பனுக்கு மனசில் ஒரு உறுத்தல். மகள் மேகலாவின் கல்யாணத்தன்று பெண்ணை ஏற்றிக்கொண்டு போனது அந்தக் கார்தான். திண்டுக்கல்லில் மண்டபத்துக்குக் கூப்பிடு தூரம் இருக்கும்போது நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். ஊஹும், பிடிக்கவில்லை. கடைசியில் கல்யாணப்பெண் ஆட்டோவில் போய் இறங்கினாள். சம்பந்தி கருப்பணன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் மூன்று வருஷம் கழித்தும் சென்னியப்பனுக்குச் சோறு இறங்காது.

இப்போது டீச்சரும், இன்னொரு பழைய வண்டிக்காரரான நசீரும், இவருமாக மூன்று கார்களில் கன்னியாகுமரி வரை போவதாக ஏற்பாடு. மதியச் சாப்பாடு திண்டுக்கல்லில், சம்பந்தி வீட்டில்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் சென்னியப்பன் கேட்டார்.

"டீச்சர், சம்பந்தி வீட்டு வாசல் வரைக்கும் வண்டி எங்கயும் நிக்கக் கூடாதுங்க. என்னென்ன ஸ்பேர் எடுத்துக்கட்டுங்க?"

"ஃபேன் பெல்ட், பிளக், பாயிண்ட் செட், ரேடியேட்டர் ஹோஸ். முக்கியமா பெட்ரோல் பம்ப்புக்குள்ள இருக்கற ரப்பர். அது கிழிஞ்சா பெட்ரோல் ஏறாது. வழியில எந்தக் கடையிலயும் கிடைக்காது."

"எல்லாம் வாங்கிடறனுங்க."

"வாங்குங்கண்ணா. ஒரு பெட்டியில போட்டு, புறப்படும்போது நசீர் பாய்கிட்டக் குடுத்துருங்க."

சென்னியப்பனுக்குப் புரியவில்லை.

"என் வண்டி சாமான் அவரு டிக்கியில எதுக்குங்க?"

"அவர்தானே உங்களுக்குப் பின்னாடி வர்றாரு. நீங்க நின்னா அவர் வந்து சேருவாரு. அவரோட பெட்டி என்கிட்ட இருக்கும். நான் கடைசி."

"அப்ப உங்க பெட்டி?"

"முன்னாடி போறவர்கிட்ட. உங்ககிட்ட."

"நான் எங்கயோ முன்னாடி போயிட்டனுங்கன்னா?"

டீச்சர் சென்னியப்பனின் காருக்குள் குனிந்து, பின்னால் பார்க்கிற கண்ணாடியைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சாமான் எல்லாம் வாங்கியாயிற்று. ஆனால் மனசு கேட்க வேண்டுமே. தன் வண்டி நடுரோட்டில் நிற்க, தன் காசில் வாங்கிய சாமான் இன்னொருத்தர் டிக்கியில் ஆடி அசைந்து வருமாம்! சம்பந்தி ஊர் எல்லையில் நின்றுவிட்டால், நசீர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? சென்னியப்பன் புதுச் சாமானை ஒரு சாக்கில் கட்டித் தன் டிக்கியிலேயே வைத்துக்கொண்டார். நசீருக்குக் கொடுக்க வேண்டிய பெட்டியில், வண்டியிலிருந்து எப்போதோ கழற்றிப்போட்ட தேய்ந்த சாமானை நிரப்பினார். டீச்சரை ஏமாற்றுகிறோமே என்று உறைக்கத்தான் செய்தது. ஒரு பயணம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நமக்குச் சமாதானம் சொல்ல வெளியாள் எதற்கு, நாமே போதாதா?

விடிந்ததும் சிங்காநல்லூரில் ஒரு டீக்கடை வாசலில் பெட்டிகள் கைமாறின. நசீர் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "நல்லா கனமாத்தான் வாங்கியிருக்கீங்கண்ணா" என்றார். சென்னியப்பன் டீயைக் குடிப்பதில் மும்முரமாகிவிட்டார். டீச்சரின் பெட்டி சென்னியப்பன் காரின் பின்சீட்டில் ஏறியது.

வண்டி அன்றைக்கென்று சொன்னபடி கேட்டது. தாராபுரம் வரைக்கும் அவ்வப்போது கண்ணாடியைப் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. வேண்டியதெல்லாம் தன் டிக்கியிலேயே இருக்கும்போது பின்னால் யார் வந்தால் என்ன என்று ஆகிவிட்டது. ஒட்டன்சத்திரம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை.

சம்பந்தி வீட்டு வாசலில் ஜம்மென்று கொண்டுபோய் நிறுத்தினார். இந்தக் காரில் ஏற மாட்டேன் என்று முன்னாடியே பஸ்ஸில் வந்துவிட்டிருந்த அவர் மனைவி, நிலைப்படியில் நின்று நம்பமுடியாமல் பார்த்தார். கருப்பணன் வெளியே வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பரவால்லீங்களே சம்பந்தி. ஓட்டியே கொண்டாந்துட்டீங்க."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மனுஷர் மூன்று வருஷமாகக் காத்திருந்தார். நெஞ்சு நிறைந்துபோயிற்று. கை கழுவத் திரும்பியபோது போன் அடித்தது. நசீர்.

"அண்ணா, டீச்சர் வண்டி நின்னுருச்சு. ஒட்டன்சத்திரம் தாண்டி. பம்ப் ரப்பர் போச்சு."

"அவங்க பெட்டி எங்கிட்டத்தான் இருக்குதுங்க."

"தெரியும். என் வண்டி ரப்பர் இதுக்குச் சேராது. உங்க வண்டிக்கும் அதே ரப்பர்தானேன்னு உங்க பெட்டியைத் திறந்தோம். ரப்பர் இருந்துச்சுண்ணா. கிழிஞ்ச ரப்பர்."

சென்னியப்பன் வாசல் பக்கம் நகர்ந்தார்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"பெட்டியை மூடி வைக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான்."

விஷயத்தைக் கேட்ட கருப்பணன், "நீங்க எதுக்கு அலையறீங்க? உங்க மாப்பிள்ளை பைக்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துருவான். உக்காருங்க, இலை போட்டாச்சு" என்றார்.

உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் மானம் தப்பியிருக்கும். ஏனென்றால் அந்தக் காருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நெடுந்தூரம் ஓடின சூட்டில் அணைத்துவிட்டால், ஆறுகிற வரைக்கும் செல்ஃப் எடுக்காது. சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆறிவிடும் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். இப்போது சாவியைத் திருப்பினால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இல்லீங்க சம்பந்தி. நாந்தான் கொண்டுபோகோணும்" என்றார்.

சாவியைத் திருப்பினார். க்ளிக் என்றது. மறுபடியும் க்ளிக். எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து நின்றார்கள். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சென்னியப்பன் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார்.

"சம்பந்தி, கொஞ்சம் தள்ளோணுங்க."

கருப்பணன் சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அன்னைக்கும் தள்ளுனேன். இன்னைக்காவது பிடிக்குதான்னு பாப்போம்."

அப்பனும் பிள்ளையுமாகத் தள்ளினார்கள். தெருமுனையில் உதறிக்கொண்டு இன்ஜின் பிடித்தது. கருப்பணன் மூச்சு வாங்க ஓடிவந்து மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

"நீங்க எதுக்குங்க?"

"போற வழியில மறுபடி நின்னா யாரு தள்றது?" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் சிரித்தார். கல்யாணத்தன்று சிரித்ததும் இதே சிரிப்புதான் என்பது சென்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. அதில் கேலி இருந்தது, வேறு கெடுதல் எதுவும் இல்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒட்டன்சத்திரம் போகிறவரைக்கும் இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே போனார்கள்.

ரோட்டோர வேப்பமரத்தடியில் டீச்சரும் நசீரும் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். சென்னியப்பன் பின்சீட்டிலிருந்து டீச்சரின் பெட்டியை எடுத்துவந்து கீழே வைத்தார். அப்புறம் டிக்கியைத் திறந்து, சாக்கையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

டீச்சர் பம்ப்பைக் கழற்றினார். கழற்றிய திருகாணிகளைக் கருப்பணன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். புது ரப்பர் உட்கார்ந்தது. பெட்ரோல் ஏறியது. வண்டி உறுமியது.

சென்னியப்பன் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் நசீரின் டிக்கியில் வைத்தார். அங்கிருந்த பழைய பெட்டியை எடுத்துத் தன் டிக்கியில் போட்டுக்கொண்டார். நசீர் அவர் கையில் ஒரு கொய்யாப்பழத்தை வைத்து, "மொளகாப்பொடி வேணுமாண்ணா?" என்றார். அதுவே சென்னியப்பனுக்குத் தாங்கவில்லை.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு, தன் பெட்டியை மூடி மறுபடியும் அவரிடமே நீட்டினார்.

சென்னியப்பன் வாங்கவில்லை.

"எங்கிட்ட வேண்டாங்க டீச்சர். பாய்கிட்டக் குடுங்க. அவரு உங்களை விட்டுட்டுப் போகல. நான் போயிட்டேன்."

டீச்சர் நீட்டிய கையை மடக்கவில்லை.

"பாய் இங்கேயே நின்னுட்டாரு" என்றார். "திரும்பி வர்ற வழி உங்களுக்குத்தானே தெரியும் அண்ணா."